உப்பங்காற்றும் பின் பிரேக்கும்: பழவேற்காட்டுக் கரையில் ஒரு பழுதின் வரலாறு

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் அமைந்த திருப்பாலைவனமும், அதற்கு அப்பால் ஏரியையும் கடலையும் ஒட்டிக் கிடக்கும் மீனவர் குப்பங்களும் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் டச்சுக்காரர்களின் வணிகத்தை முன்னிட்டும், பாடு முறை எனப்படும் மீன்பிடி உரிமை ஏற்பாட்டை முன்னிட்டும் மட்டுமே பேசப்படுகின்றன. பிடித்த மீன் கரையேறிய பிறகு அது சந்தைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் அவ்வளவாக இடம் கொடுத்ததில்லை. மீன் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் பண்டம் என்பதால், வலைக்கும் படகுக்கும் உள்ள அதே முக்கியத்துவம் அதைச் சுமந்து செல்லும் ஊர்திக்கும் உண்டு. கடந்த நாற்பது ஆண்டுகளாக அந்த ஊர்தி பெரும்பாலும் இருசக்கர வாகனமாகவே இருந்துவருகிறது. அந்த வாகனத்தில் ஓயாமல் பழுதாகி, சரிசெய்யப்பட்டு, மறுபடியும் பழுதாகும் உறுப்பு பின்சக்கர பிரேக். அதன் கதை இந்தக் கரையின் போக்குவரத்துக் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

தொடக்கத்தில் இங்குப் பாரம் நீர்வழியே சென்றது. 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் துணி வணிகம் கடலை நம்பியிருந்தது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய் பின்னர் வடக்கேயும் தெற்கேயும் நீட்டப்பட்டு, 1876–78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக விரிவாக்கப்பட்டு, அப்போதைய சென்னை ஆளுநரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் அதன் வழியே சென்னைக்குப் போயின. படகுக்கு பிரேக் தேவையில்லை. துடுப்பையோ கழியையோ கொண்டு அதை நிறுத்திவிடலாம். தலைச்சுமையாகக் கூடையில் மீன் விற்ற பெண்களுக்கும் அந்தக் கவலை இருந்திருக்காது. சக்கரத்தின் மீது பாரம் ஏறிய பிறகுதான் நிறுத்துவது ஒரு தனிக் கலையாகிறது.

அந்தச் சக்கரம் முதலில் சைக்கிள் சக்கரமாக வந்தது. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் ஆலையின் ஹெர்குலிஸ் வண்டிகள் தமிழ்நாட்டின் மீன் வியாபாரிகளுக்கு மலிவான சுமைதாங்கியாயின. கைப்பிடியிலிருந்து இரும்புக் கம்பிகள் வழியே இழுக்கப்பட்டு, சக்கர விளிம்பின் உட்புறத்தில் ரப்பர் கட்டைகளை அழுத்தும் பிரேக் அவற்றில் இருந்தது. விளிம்பு நனைந்தால் ரப்பர் வழுக்கும். மீன் கூடையிலிருந்து ஒழுகும் நீர் நேராக அந்த விளிம்பில்தான் விழும். ஆனால் சைக்கிளின் வேகம் குறைவு என்பதால் காலைத் தரையில் ஊன்றி நிறுத்தும் பழக்கம் இந்தக் குறையை மறைத்துவிட்டது. பிற்கால மொபெட் ஓட்டுநர்கள் பலரிடமும் இந்தப் பழக்கம் தொடர்ந்ததை, அவர்களுடைய செருப்பின் தேய்ந்த குதிகாலே சொல்லிவிடும்.

இதே கரையில் சற்றுத் தெற்கே, திருவொற்றியூரில், இந்திய மோட்டார் சைக்கிள் வரலாற்றின் முக்கிய அத்தியாயம் தொடங்கியது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக புல்லட் வண்டிகளை வாங்க முடிவு செய்ததைத் தொடர்ந்து, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955இல் என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. முதலில் இறக்குமதியான பாகங்களைப் பொருத்திக் கொடுத்த அந்த ஆலை, 1960களின் தொடக்கத்தில் வண்டி முழுவதையும் தானே செய்யத் தொடங்கியது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் இருந்தன. பின் பிரேக்கின் டிரம், அதாவது சக்கரத்தோடு சுழலும் உருளை வடிவக் கிண்ணம், சங்கிலிப் பல்சக்கரத்தோடு ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டிருந்தது. பல் தேய்ந்தால் நல்ல நிலையிலுள்ள டிரம்மையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதும், சங்கிலிக்கு விட்ட எண்ணெய் சுழற்சியில் தெறித்து பிரேக்குக்குள் போக வழி இருந்தது என்பதும் இந்த வடிவமைப்பின் இரண்டு தொல்லைகள். எண்ணெய் ஏறிய லைனரை, அதாவது பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையை, பெட்ரோலில் கழுவி உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டினால் நாலு நாளைக்குப் பிடிக்கும். பிறகு வெப்பத்தில் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே கசியும். அப்படிப்பட்ட லைனரைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை என்பதை ஒவ்வொரு தலைமுறை மெக்கானிக்கும் பட்டுத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

டிரம் பிரேக் என்ற கருவியே இருபதாம் நூற்றாண்டோடு ஒத்த வயதுடையது. பிரான்சின் லூயி ரெனோ 1902இல் வகுத்த முறைதான் இன்றும் மொபெட்டின் பின்சக்கரத்தில் இருக்கிறது: டிரம்முக்குள் பிறை வடிவ ஷூக்கள் இரண்டு, அவற்றின் ஒரு முனை ஒரு முளையில் தாங்கி நிற்க, மறுமுனைகளுக்கு இடையே கேம் எனப்படும் தட்டையான அச்சு இருக்கும். பெடலை மிதித்தால் கம்பியோ கேபிளோ கேமின் கையை இழுக்கும். கேம் திரும்பி ஷூக்களை அகட்டும். அவை டிரம்மின் உட்சுவரில் உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும். சக்கரம் சுழலும் திசையிலேயே விரியும் முன்னணி ஷூவை அந்தச் சுழற்சியே இன்னும் இறுக்கி இழுத்துக்கொள்வதால் அதுவே அதிக வேலை செய்கிறது, அதுவே முதலில் தேய்கிறது. இதற்கு முந்தைய மோட்டார் சைக்கிள்களில், பின்சக்கரத்தின் பெல்ட் ஓடும் வளையத்தில் ஒரு ஆப்புக் கட்டையை அழுத்தும் ஏற்பாடே இருந்தது. முன்சக்கரத்தில் பிரேக் வைத்தால் ஆள் குப்புற விழுவான் என்ற அச்சம் அக்காலத்தில் பரவலாக இருந்தமையால், நிறுத்தும் பொறுப்பு முழுவதும் பின்சக்கரத்தின் மேலேயே நெடுங்காலம் கிடந்தது.

இந்த அச்சம் தவறு என்று இயற்பியல் சொல்கிறது. ஓடும் வண்டியை நிறுத்தும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரம் தரையை இறுகப் பற்ற, பின்சக்கரம் இலேசாகிச் சறுக்கத் தொடங்கும். ஆகவே முன் பிரேக்கே முதன்மையானது என்று ஓட்டுநர் பயிற்சி நூல்கள் ஒருமுகமாக எழுதுகின்றன. ஆனால் அந்த நூல்கள் ஒற்றை ஆள் உட்கார்ந்த வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இருக்கைக்குப் பின்னால் பனிக்கட்டியும் மீனும் நிறைந்த பெட்டிகளைக் கட்டிய மொபெட்டில் பாரம் பின் அச்சின் மேலேயே நிற்கிறது. காற்று அடித்துக் கொண்டுவந்த மணல் படிந்த சாலையிலோ, மழையில் சேறான ஏரிக்கரைப் பாதையிலோ முன் பிரேக்கைப் பிடித்தால் கைப்பிடி திரும்பி வண்டி சாய்ந்துவிடும். எனவே இந்தக் கரையின் மீன் வண்டிக்காரர் பின் பிரேக்கை நம்புவதை அறியாமை என்று தள்ளுவது சரியாகாது. அது அவருடைய பாரத்துக்கும் பாதைக்கும் பொருந்திய தேர்வு. அவ்வளவு நம்பப்படும் உறுப்பு அவ்வளவு விரைவாகக் கெடுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

அந்த மொபெட் ஓசூரிலிருந்து வந்தது. 1980இல் வெளிவந்த டிவிஎஸ் 50, இருவர் அமரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட். அதன் வழிவந்த எக்ஸ்எல் வரிசை வண்டிகள் பால்காரர், காய்கறிக்காரர், மீன்காரர் ஆகிய மூவருக்கும் சிறு லாரியாகவே ஆகிவிட்டன. கிளட்சும் கியரும் ஓட்டுநர் கையாள வேண்டாத வண்டி என்பதால் இடக்கைப் பிடி காலியாக இருந்தது. பின் பிரேக்கின் லீவர் அங்கே வைக்கப்பட்டது. மிதிக்கும் பெடலில் உடல் எடையையே போட்டு அழுத்தலாம். கையால் பிடிக்கும் லீவருக்கு விரல்களின் வலு மட்டும்தான். கேபிளில் சற்றுத் துரு ஏறினாலும் அந்த வலு வழியிலேயே வீணாகிவிடும். சிறிய டிரம், ஒடுங்கிய லைனர், நீண்ட கேபிள், கை விரல்கள், இவற்றுக்கு மேல் வடிவமைத்தவர்கள் எண்ணியிராத பாரம்: பழுதுக்கு வேண்டிய எல்லாமே தொடக்கத்திலிருந்தே ஒன்றுகூடியிருந்தன. ஒன்றுதான் குறை. அதைப் பழவேற்காடு கொடுத்தது.

ஏரியின் நீர் வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் கலந்து இளகும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஆவியாகிச் சில சமயம் கடல்நீரையும் மிஞ்சி உவர்க்கும். அந்த நீரில் பிடித்த மீனைப் பனிக்கட்டியோடு பெட்டியில் அடைத்தால், உருகிய நீர் உப்பும் மீன் எண்ணெயும் கலந்து, பயணம் முழுவதும் பின்சக்கரத்தின் நடுப்பகுதியில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நடுப்பகுதியின் உடல் அலுமினிய வார்ப்பு. அதனுள் உராய்வுக்காக இறக்கப்பட்ட வளையம் வார்ப்பிரும்பு. டிரம்மை மூடும் பிரேக் தட்டு அலுமினியம். அதைத் துளைத்து நிற்கும் கேம் அச்சு எஃகு. இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகும் என்பதும், அதில் அலுமினியமே கரைந்து தன்னைப் பலிகொடுக்கும் என்பதும் வேதியியலின் பழைய பாடம். கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகி அச்சைச் சுற்றி இறுகும். கடலோரத்தில் ஓடிய மொபெட்டின் பிரேக் தட்டைக் கழற்றிப் பார்த்தால், கிரீஸ் இருக்க வேண்டிய துளையில் சுண்ணாம்பு போன்ற அந்தப் பொடி கெட்டியாக நிரம்பியிருப்பதையும், கேமின் கையைச் சுத்தியலால் தட்டினால்தான் அது அசைவதையும் காணலாம்.

இந்த இறுக்கத்தின் விளைவுகள் இரண்டு, அவை நேர்மாறானவை. ஒன்று, ஓட்டுநர் எவ்வளவு பிடித்தாலும் கேம் முழுதாகத் திரும்பாமல் பிரேக் பிடிக்காமல் போவது. மற்றொன்று, பிடித்த பிரேக் விட்ட பிறகும் திரும்பாமல் ஷூக்கள் டிரம்மோடு ஒட்டியே ஓடுவது. பட்டறைப் பேச்சில் இது ‘பிரேக் ஒட்டுது’ எனப்படும். ஒட்டி ஓடும் ஷூ கொதிக்கும்; லைனரின் மேற்பரப்பு கருகிக் கண்ணாடிபோல் பளபளக்கும்; பளபளத்த லைனர் பிடிக்காது, ஆனால் கீச்சென்று கத்தும். ஆகவே ஒட்டுவதாகத் தொடங்கிய பழுது சில வாரங்களில் பிடிக்காததாக மாறி வரும். அப்போது புது ஷூ மாட்டி அனுப்பினால் மூலக் காரணமான கேம் அச்சு உள்ளேயே இறுகிக் கிடக்க, புது ஷூவும் அதே வழியில் போகும். வாடிக்கையாளர் ஷூவைக் குறை சொல்வார், மெக்கானிக் சுமையைக் குறை சொல்வார். இருவரும் கேமை மறந்திருப்பார்கள்.

கையில் காசும் அருகில் உதிரிபாகமும் இல்லாத இடத்தில் பழுதுபார்ப்பு தனக்கென்று சில உபாயங்களை வளர்த்துக்கொள்வது இயல்பு. தமிழ்நாட்டுச் சாலையோரப் பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கும் இரண்டு இங்கே குறிப்பிடத்தக்கவை. லைனர் தேய்ந்து, கம்பியின் திருகை முழுதும் இறுக்கிய பிறகும் பிரேக் எட்டாதபோது, ஷூவின் கேம் படும் முனையில் ஒரு சிறு தகரத் துண்டை மடித்து வைப்பது முதலாவது. தேய்ந்த அளவைத் தகரம் ஈடுகட்டிவிடும். கேம் அச்சின் தலையில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். கேமின் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி, பழைய ஷூவுக்குப் புது ஆயுள் கொடுப்பது இரண்டாவது. தகரம் வைப்பது ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தக்கது. பல் தள்ளுவது அப்படியன்று. கம்பி இழுக்கும் கோடும் கேமின் கையும் முழு அழுத்தத்தில் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கும்போதே இழுப்பின் பலன் முழுமையாகக் கிடைக்கும். அதைத் தாண்டினால் இழுக்க இழுக்கப் பலன் குறையும். அதைவிடப் பெரிய ஆபத்து, மெலிந்த ஷூக்களுக்கு இடையே கேம் அளவுக்கு மேல் திரும்பி நிமிர்ந்து நின்றுவிட்டால் சக்கரம் ஓடும் வேகத்திலேயே பூட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கவே பல மோட்டார் சைக்கிள்களில் கேமின் கையோடு திரும்பும் ஓர் அம்புக்குறியும் தட்டின்மேல் ஓர் எல்லைக் கோடும் பொறிக்கப்பட்டன. பல்லைத் தள்ளி மாட்டும்போது அந்த அம்புக்குறியும் சேர்ந்தே பொய் சொல்லத் தொடங்குகிறது.

மூன்றாவது பழுது சக்கரத்தின் வட்டத்தையே சார்ந்தது. ஸ்போக்ஸ் கம்பிகள் கோத்த சக்கரத்தில் கம்பிகளின் இழுவிசை சமமாக இல்லாவிட்டால் மெல்லிய டிரம் முட்டை வடிவாக நெளியும். பிரேக் ஒவ்வொரு சுற்றிலும் பிடித்துப் பிடித்து விடும். உப்பு அரித்துக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும் இடத்தில் இது அடிக்கடி நேரும். டிரம்மைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய் உட்புறத்தைச் சமமாகக் கடைவது மருந்து. ஆனால் 130 மில்லிமீட்டர் டிரம் வழக்கமாக 131 வரையே கடையப்படலாம். கம்பிகளைச் சரிசெய்யாமல் கடைந்தால், பிறகு கம்பியை முறுக்கும்போது டிரம் மறுபடி நெளியும். சக்கரத்தைக் கோத்து, ஓட்டம் பார்த்து, அதன் பிறகே கடைசலுக்கு அனுப்புவது என்ற வரிசையை அறிந்தவரே தேர்ந்த கைகாரர் எனப்பட்டார்.

லைனரின் கதை தனியே சொல்லத்தக்கது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897இல் குதிரை வண்டிகளுக்காகத் தொடங்கிய உராய்வுப்பொருள் ஆராய்ச்சி ஃபெரோடோ நிறுவனமாக வளர்ந்தது. 1908 அளவில் அங்கே கல்நார் லைனர்கள் வந்தன. கல்நார் என்பது நார்போல் பிரியும், தீயில் எரியாத கனிமம். வெப்பத்தைத் தாங்கும், மலிவானது. சென்னையின் பாடியும் அம்பத்தூரும் 1960கள் முதல் இந்தியாவின் பிரேக் தொழில் மையமாயின: 1962இல் பிரேக்ஸ் இந்தியா, 1964இல் ரானே பிரேக் லைனிங்ஸ், 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். தேய்ந்த லைனரின் ஆணிகளை அறுத்தெடுத்துப் புதுப்பட்டையை அறைந்து தரும் சிறு கடைகள் இவற்றின் நிழலில் பெருகின. ஆனால் டிரம்மைத் திறந்ததும் உள்ளே படிந்திருக்கும் கரும்பொடியைத் தரையில் தட்டி, வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதிச் சுத்தம் செய்வது பட்டறையின் முதல் வேலையாக இருந்தது; கல்நார் லைனர்களின் காலத்தில் அந்தப் பொடியில் நுரையீரல் புற்றுக்கும் நுரையீரல் உறைப் புற்றுக்கும் காரணமாகும் நார்கள் இருந்தன. 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி விரிவான ஆணைகளை வழங்கியது. அது ஆலைத் தொழிலாளர்களைக் கருதியது, மரத்தடிப் பட்டறைச் சிறுவர்களை எட்டவில்லை. பிரிட்டன் 1999இல் கல்நாரை முற்றிலும் தடை செய்தது. இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் கல்நார் இல்லாத கலவைக்கு மாறிய பிறகும் பொடியை ஊதும் பழக்கம் அப்படியே நிற்கிறது. ஈரத்துணியால் துடைப்பது இதைவிடக் கடினமான வேலை ஒன்றும் இல்லை.

டிரம்முக்கு மாற்றாக டிஸ்க் பிரேக் 1969இல் ஹோண்டா சிபி750 வழியே பரவலான மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. இந்தியாவில் 1999இன் ஹீரோ ஹோண்டா சிபிஇசட் போன்ற வண்டிகள் அதை முன்சக்கரத்தில் பிரபலமாக்கின, பின்சக்கரத்துக்கு அது மேலும் தாமதமாகவே வந்தது. திறந்த தட்டில் நீர் தங்காது என்பது அதன் நன்மை. ஆயினும் பட்டைகளை அழுத்தும் கவ்வி வழுகி நகர வேண்டிய முளைகளில் கடலோர உப்பு ஏறினால், டிரம்மின் கேமுக்கு நேர்ந்ததே அவற்றுக்கும் நேரும். அழுத்தத்தைக் கடத்தும் திரவமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்றால், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியே எதிர்பார்க்கப்படுகிறது. டிரம்மை ஒரு ஸ்பானரும் ஒரு திருப்புளியும் கொண்டு திண்ணையில் திறந்துவிடலாம். டிஸ்க்கில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றத் தெரிந்த ஆள் வேண்டும், புட்டி திறக்காத புதுத் திரவம் வேண்டும்.

2018 ஏப்ரலில் புதிய மாதிரிகளுக்கும் 2019 ஏப்ரலில் ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கும் நடைமுறைக்கு வந்த விதி, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பையும், அதற்குட்பட்டவற்றில் அதையோ அல்லது ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றொன்றும் சேர்ந்து பிடிக்கும் இணைப்பு பிரேக்கையோ கட்டாயமாக்கியது. 2015இல் நான்கு வீச்சு என்ஜினோடு வந்த எக்ஸ்எல் 100 இப்போது இரண்டாவது வகையைப் பெற்றிருக்கிறது: இடக்கை லீவரைப் பிடித்தால் பின் டிரம்மோடு முன் டிரம்மும் இயங்கும். மணலில் முன் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிப் பழகியவருக்கு இது முதலில் ஒவ்வாததாகவே இருந்திருக்கும், ஏனெனில் எதைப் பிடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை வண்டி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. பழுதுபார்ப்பவருக்கும் வேலை கூடியிருக்கிறது. பின் பிரேக் பிடிக்கவில்லை என்று வரும் வண்டியில் முன்பு ஒரு கேபிளையும் ஒரு கேமையும் பார்த்தால் போதும். இப்போது இரண்டு கேபிள்களின் தளர்ச்சியும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும், இரண்டு கேம் அச்சுகளும் தடையின்றித் திரும்ப வேண்டும். முன்சக்கரத்தின் அச்சு இறுகிக் கிடந்து பின்சக்கரம் மட்டும் நல்ல நிலையில் இருந்தாலும் லீவர் கடினமாகி, ஓட்டுநர் பின் பிரேக்கையே குறை சொல்லிக்கொண்டு வருவார். எனவே கழற்றும் வேலை இப்போது முன்சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.